பழி துடைத்தவளும் பழி சுமத்தியவளும்: ஹாலி ஜாக்சனின் மூன்று நாவல்கள்

துப்பறியும் நாவலைக் குறித்துத் தமிழ்த்துறை மலரில் கட்டுரை வரைவது சிலருக்கு வியப்பளிக்கலாம். காப்பியங்களும் சிற்றிலக்கியங்களும் ஆராயப்பெறும் ஏட்டில் கொலைக்கும் துப்புக்கும் என்ன வேலை என்று மூத்த பேராசிரியர் ஒருவர் என்னிடம் நேரிலேயே வினவினார். அவ்வினாவில் நியாயம் உண்டு. எனினும் நம் மாணவமணிகள் வகுப்பறைக்கு வெளியே விரும்பிப் படிப்பவை எவை என்பதை அறிந்துகொள்ளாமலேயே அவர்தம் வாசிப்புச் சுவையைக் குறைகூறி வருகின்றோம் என்பதும் உண்மையே. அக்குறையை என்னளவிலேனும் போக்கிக்கொள்ள முயன்றதன் விளைவு இக்கட்டுரை.

மேனிலைப் பள்ளியில் பயிலும் என் மூத்த மகள், தோழியிடம் இரவல் பெற்று வந்த மூன்று ஆங்கில நாவல்களைச் சென்ற கோடை விடுமுறையில் இரவு பகலாகப் படித்தாள். உணவுக்கு அழைத்தாலும் எழுந்து வரவில்லை. நான் கடிந்துகொண்டபோது, "அத்தா, நீங்களும் ஒருமுறை படித்துப் பாருங்கள், பிறகு என்னைக் கண்டியுங்கள்" என்றாள். படித்தேன். முதல் நூலை ஓர் இரவிலும் இரண்டாம் நூலை இரண்டு நாளிலும் முடித்தேன். மூன்றாம் நூலைப் பாதியில் மூடிவைத்து ஒரு வாரம் தொடவில்லை. பின்னர் முடித்தபோது எஞ்சியது ஏமாற்றம்.

ஏமாற்றம் என்னும் சொல்லை எண்ணிப் பார்த்தே எழுதுகின்றேன். தரமற்ற நூல் நமக்குச் சலிப்பைத் தரும். அதனைத் தூக்கி வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்போம். ஏமாற்றம் தோன்ற வேண்டுமாயின் அதற்கு முன்பே ஒரு நம்பிக்கை தோன்றியிருத்தல் வேண்டும். இந்நாவல் தொடரின் முதல் நூல் அத்தகைய நம்பிக்கையை என்னுள் விளைவித்தது. அந்நம்பிக்கை யாது, அது எவ்வாறு குலைந்தது என்பதையே ஈண்டு ஆராய முற்படுகின்றேன். கதை முடிவுகளைக் கூறாமல் இவ்வாய்வைச் செய்ய இயலாது. ஆகவே இந்நூல்களை இனிப் படிக்க எண்ணியிருப்போர் இக்கட்டுரையைச் சற்றே ஒத்திவைப்பது நலம்.

நூலாசிரியரும் நூல்களும்

ஹாலி ஜாக்சன் 1992இல் பிறந்த ஆங்கில எழுத்தாளர். பக்கிங்ஹாம்ஷயர் பகுதியில் வளர்ந்தவர். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இலக்கிய மொழியியலும் படைப்பெழுத்தும் பயின்றவர். 'எ குட் கேர்ள்ஸ் கைட் டு மர்டர்' என்னும் முதல் நாவல் 2019இலும், 'குட் கேர்ள், பேட் பிளட்' என்னும் இரண்டாம் நாவல் 2020இலும், 'ஆஸ் குட் ஆஸ் டெட்' என்னும் மூன்றாம் நாவல் 2021இலும் வெளிவந்தன. முதல் நாவலைப் பி.பி.சி. நிறுவனம் 2024இல் தொலைக்காட்சித் தொடராக ஒளிபரப்பியது. பதின்பருவத்தினரை மனத்திற்கொண்டு எழுதப்பெற்றவை எனினும் பெரியோரும் இவற்றைப் படிக்கின்றனர்.

கதைக்களம் லிட்டில் கில்டன் என்னும் கற்பனைச் சிற்றூர். ஆங்கிலப் பதிப்பில் இவ்வூர் பக்கிங்ஹாம்ஷயரில் அமைந்துள்ளது. அமெரிக்கப் பதிப்பிலோ ஊர்ப்பெயர் மாறி, கனெக்டிகட் மாநிலத்து ஊராகிவிடுகின்றது. நாவலின் நிலத்தையே பெயர்த்து நடும் இப்பதிப்பக வழக்கம் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.

முதல் நாவல் தந்த நம்பிக்கை

2012 ஏப்ரலில் லிட்டில் கில்டனில் ஆண்டி பெல் என்னும் பள்ளி மாணவி காணாமற்போகின்றாள். சில நாள்களில் அவளுடைய காதலன் சலில் சிங் காட்டில் பிணமாகக் கிடக்கின்றான். ஊரார் அவனைச் சல் என்று அழைப்பர். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குறுஞ்செய்தி ஒன்று அவன் கைப்பேசியிலிருந்து அவன் தந்தைக்குச் சென்றிருக்கின்றது. ஆண்டியின் கைப்பேசியும் அவனிடமே கிடைக்கின்றது. ஆண்டியின் உடல் கிடைக்கவில்லை. எனினும் வழக்கு முடிந்ததாகவே அனைவரும் கருதுகின்றனர். சல் கொலைகாரன், பின் தற்கொலை செய்துகொண்டவன். இதுவே ஊரின் தீர்ப்பு. நீதிமன்றம் கூடவில்லை, சாட்சி எவரும் குறுக்குவிசாரணை செய்யப்பெறவில்லை. இந்திய வழித்தோன்றலான சிங் குடும்பம் அதே ஊரில் அதே வீட்டில் ஐந்தாண்டுகள் அப்பழியுடன் வாழ்கின்றது. சல்லின் தம்பி ரவி 'கொலைகாரனின் தம்பி'யாகவே வளர்கின்றான்.

இந்நிலையில் பிப் எனப்படும் பிப்பா ஃபிட்ஸ்-அமோபி என்னும் பதினேழு வயதுப் பெண், பள்ளி இறுதியாண்டில் மாணவர் தாமே தலைப்பைத் தெரிவுசெய்து நிகழ்த்தும் ஆய்வுத் திட்டப்பணிக்கு இவ்வழக்கை எடுத்துக்கொள்கின்றாள். சிறுமியாக இருந்தபோது சல் தன்னிடம் அன்பாக நடந்துகொண்டதை அவள் மறக்கவில்லை. அவன் கொலை செய்திருக்க மாட்டான் என்பது அவள் உள்ளுணர்வு. ஆனால் உள்ளுணர்வை அவள் சான்றாகக் கொள்வதில்லை. இதுவே என்னைக் கவர்ந்தது. நேர்காணலை நிகழ்த்தி எழுத்தில் பெயர்க்கின்றாள். கால அட்டவணை வரைகின்றாள். ஊரின் வரைபடத்தில் ஒவ்வொருவரும் எந்நேரத்தில் எங்கிருந்தனர் எனக் குறிக்கின்றாள். தனக்கு வேண்டியவரின் பெயரையும் ஐயத்திற்குரியோர் பட்டியலில் சேர்க்கின்றாள். இவ்வாவணங்கள் அனைத்தும் நாவலின் பக்கங்களில் அப்படியே இடம்பெறுகின்றன. கதைத்தலைவிக்குத் தெரிந்தது வாசகனுக்கும் தெரியும். அவள் தவறினால் வாசகனும் உடன் தவறுவான். ஆய்வேடு எழுதப் பயிலும் நம் ஆய்வு மாணவர்க்கு இந்நாவலைப் பரிந்துரைக்கலாமா என்றுகூட ஒரு கணம் எண்ணினேன்.

கண்டறியப்படும் உண்மை கசப்பானது. பிப்பின் உயிர்த்தோழி காராவின் தந்தையும் பள்ளி ஆசிரியருமான எலியட் வார்ட், ஆண்டியுடன் நிகழ்ந்த சச்சரவில் அவளுக்குத் தலையில் காயம் ஏற்படுத்திவிடுகின்றார். தாமே அவளைக் கொன்றுவிட்டதாக நம்பி, அப்பழியை மறைக்கச் சல்லைக் கொன்று தற்கொலைபோல் ஒப்பனை செய்கின்றார். சல்லின் கைப்பேசியிலிருந்து செய்தியை அனுப்பியவரும் அவரே. ஆண்டியோ அக்காயத்துடன் வீடு திரும்பி, தங்கை பெக்காவுடன் நிகழ்ந்த பூசலில் இறந்துபோகின்றாள். அப்பூசலின் அடியில் மற்றொரு கொடுமை கிடக்கின்றது. மாக்ஸ் ஹேஸ்டிங்ஸ் என்னும் செல்வக் குடும்பத்து இளைஞன் விருந்துகளில் பெண்களின் பானத்தில் மயக்க மருந்தைக் கலந்து அவர்களைச் சீரழிப்பவன். பெக்கா அவனால் கெடுக்கப்பட்டவள். அவனுக்கு அம்மருந்தை விற்றவள் ஆண்டி.

சல் அன்றிரவு நள்ளிரவு வரை தங்களுடன் இருந்தான் என்று அவன் நண்பர்கள் முதலில் காவல்துறையிடம் கூறியிருந்தனர். பின்னர் அவன் முன்னதாகவே சென்றுவிட்டான் என மாற்றிக் கூறினர். அவர்கள் மறைத்து வைத்திருந்த பழைய கார் விபத்து ஒன்றைச் சுட்டி ஒருவர் மிரட்டியதே காரணம். காராவின் தமக்கை நவோமி அந்நண்பர்களுள் ஒருத்தி. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகின்றேன்.

சிலப்பதிகாரத்தைப் பயிற்றுவிக்கும் ஒருவனுக்கு இங்கே கோவலன் நினைவு வருவது இயல்பு. பொற்கொல்லன் தன் களவை மறைக்கக் கோவலன்மீது பழியேற்றினான். எலியட் தம் குற்றத்தை மறைக்கச் சல்மீது பழியேற்றினார். இருவரும் தம் தரப்பைக் கூற வாய்ப்பின்றி மாண்டனர். கண்ணகி அவையின் நடுவே சிலம்பை உடைத்துப் பரலைக் காட்டியதுபோலப் பிப் ஊர் நடுவே ஆவணங்களைத் திறந்து காட்டுகின்றாள். இறந்தவன் மீண்டு வரப்போவதில்லை. அவன் பெயராவது மீள வேண்டும் என்பதற்காக ஒரு பெண் இத்தனை இடர் ஏற்பது இந்நாவலை வெறும் மர்மக் கதைக்கு மேலே உயர்த்துகின்றது.

இரண்டாம் நாவல்

இதனைச் சுருக்கமாகவே கூறுகின்றேன். பிப் தான் கண்டறிந்ததைப் பாட்காஸ்ட் எனும் ஒலித்தொடராக வெளியிட்டுப் புகழ் பெற்றுவிட்டாள். தோழன் கானரின் தமையன் ஜேமி காணாமற்போக, அவனைத் தேடுவது கதை. இதன் உச்சக்கட்டத்தில் சார்லி கிரீன் என்பவன் ஸ்டான்லி ஃபோர்ப்ஸ் என்னும் செய்தியாளனைப் பிப்பின் கண்முன்னே சுட்டுக் கொல்கின்றான். தொடர்கொலைஞனான தன் தந்தையால் வற்புறுத்தப்பட்டுச் சிறுவயதில் பலரை அவனிடம் அழைத்துச் சென்றவன் ஸ்டான்லி. அவ்வாறு மாண்டவர்களுள் சார்லியின் தமக்கையும் ஒருத்தி. தனிமனிதன் கையிலெடுக்கும் நீதி எவ்வளவு குருடானது என்பதை இதனினும் அழுத்தமாகக் கூற இயலாது. பிப் குருதியில் நனைந்த கைகளால் ஸ்டான்லியின் உயிரைப் பிடித்து நிறுத்த முயல்கின்றாள், முடியவில்லை. ஏறத்தாழ அதே வேளையில் மாக்ஸ் மீதான வழக்கில் அவன் குற்றமற்றவன் எனத் தீர்ப்பாகின்றது. நேட் ட சில்வா என்னும் பெண் நீதிமன்றத்தில் நின்று தனக்கு நேர்ந்ததைக் கூறியிருந்தாள். பயனில்லை.

மூன்றாம் நாவலின் திருப்பம்

மூன்றாம் நூலின் தொடக்கத்தில் பிப் உறக்கமற்றவள். முறையற்ற வழியில் மாத்திரை வாங்கி விழுங்குபவள். கைகளில் குருதி ஒட்டியிருப்பதாகவே உணர்பவள். தன்னைக் குற்றவாளி என அவள் இணையத்தில் வெளிப்படுத்தியதற்காக மாக்ஸ் அவதூறு வழக்கு மிரட்டல் விடுக்கின்றான். அவளை யாரோ பின்தொடர்கின்றனர். வீட்டு வாயிலில் இறந்த புறாவும் சுண்ணக்கட்டியால் வரைந்த உருவங்களும் தோன்றுகின்றன. ஆய்வாளர் ஹாக்கின்ஸிடம் முறையிடுகின்றாள், அவர் பொருட்படுத்தவில்லை. மனவடுவுற்ற ஓர் இளம்பெண்ணின் அச்சத்தை ஆசிரியர் வரைந்திருக்கும் இப்பகுதி மூன்று நூல்களிலும் சிறந்தது என்று தயங்காமல் கூறுவேன்.

பின்தொடர்பவன் ஆண்டியின் தந்தை ஜேசன் பெல். ஒட்டுநாடாவால் முகத்தைச் சுற்றிப் பெண்களைக் கொன்ற தொடர்கொலைஞன் அவனே. அக்குற்றங்களுக்காகப் பில்லி கராஸ் என்னும் அப்பாவி இளைஞன், காவலரின் விசாரணை அழுத்தத்தில் தந்த பொய் வாக்குமூலத்தால் சிறையில் வாடுகின்றான். ஜேசன் பிப்பைக் கடத்தி ஒரு கிடங்கில் கட்டிப்போட்டுச் செல்கின்றான். அவள் வியத்தகு மனவுறுதியுடன் தப்புகின்றாள். தப்பியவள் ஓடவில்லை. எவரும் தன்னை நம்பப் போவதில்லை என முடிவு செய்து, திரும்பி வந்து, சுத்தியலால் அவனை அடித்துக் கொல்கின்றாள்.

நான் நூலை மூடியது இவ்விடத்தில் அன்று. கொடியவனிடம் சிக்கி மீண்ட ஒருத்தி நிலைகுலைந்து செய்த கொலை அது. கதையுலகில் அதனை ஏற்க இயலும். மூடியது அடுத்த பக்கங்களில். அவள் ரவியை அழைக்கின்றாள். இருவரும் அமர்ந்து, இக்கொலையை மாக்ஸ் ஹேஸ்டிங்ஸ் செய்ததாகக் காட்டுவது எவ்வாறு எனத் திட்டமிடுகின்றனர்.

அங்கிருந்து நாவலின் பிற்பகுதி முழுவதும் அத்திட்டத்தின் நிறைவேற்றமே. இறந்த நேரத்தைப் பிந்தியதாகக் காட்ட உடலைக் குளிர்வித்துப் பின்னர் வெப்பமூட்டுகின்றனர். குருதி தேங்கும் திசை மாறும்படி புரட்டிக் கிடத்துகின்றனர். மாக்ஸுக்கு மயக்க மருந்து கொடுக்கப்படுகின்றது. அவனுடைய உடையும் காலணியும் தலைமயிரும் தடயங்களாகின்றன. அவனது காரும் கைப்பேசியும் கொலை நடந்த இடத்தில் இருந்தனவாகச் செய்யப்படுகின்றன. கொலை நேரமாகக் கணிக்கப்படவிருக்கும் வேளையில் பிப் மெக்டொனால்ட்ஸ் உணவகத்தின் கண்காணிப்புக் கேமரா முன் சிற்றுண்டி அருந்துகின்றாள். உடன் அமர்ந்திருப்போர் காராவும் நவோமியும்.

நவோமி! முதல் நூலில் ஒரு பொய்யால் சல்லின் இரவைக் களவாடியவர்களுள் ஒருத்தி, மூன்றாம் நூலில் மற்றொரு பொய்யால் பிப்புக்கு ஓர் இரவை வழங்குகின்றாள். முதற்பொய் பாவமாகவும் இரண்டாம் பொய் நட்பாகவும் காட்டப்படுகின்றன. எலியட் சல்லின் கைப்பேசியைக் கொண்டு செய்ததையே பிப்பும் ரவியும் மாக்ஸின் கைப்பேசியைக் கொண்டு செய்கின்றனர். ரவி, சல்லின் உடன்பிறந்தான் என்பதைக் கருதுக. புனைந்த தடயத்தால் தன் குடும்பம் ஐந்தாண்டுகள் எவ்வாறு எரிந்தது என்பதை அவனைவிட அறிந்தவர் எவருமிலர். பிப்பின்மீது கொண்ட அன்பினால் அவன் உடன்படுகின்றான் என்பது விளங்குகின்றது. ஆயினும் அண்ணனின் நினைவு அவன் கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டாவா? அந்த ஒரு காட்சியை எழுதுவதற்காகவே மூன்றாம் நாவல் தோன்றியிருக்கலாம். அதற்குரிய இடத்தைத் திட்டத்தின் நுணுக்கங்கள் நிறைத்துவிட்டன. முதல் நூலின் தலைப்பில் நகைப்பாக நின்ற 'கொலைக் கையேடு' மூன்றாம் நூலில் மெய்யாகவே கையேடாகிவிட்டது.

முடிவில் மாக்ஸ் ஜேசனைக் கொன்றவன் எனத் தீர்ப்பாகின்றது. அதுவரை பிப்பும் ரவியும் பிரிந்திருக்கின்றனர். தீர்ப்புக்குப் பின் ரவியிடமிருந்து செய்தி வருகின்றது. இது வாசகனை மகிழ்விக்கும் முடிவாகவே அமைக்கப்பட்டுள்ளது.

ஆசிரியர் தரப்பில் கூறத்தக்கவை

நடுநிலை தவறாதிருக்க மறுதரப்பையும் கூறுதல் கடமை. பிப்பின் அவநம்பிக்கை ஆசிரியரின் கற்பனை மட்டுமன்று. 2021 ஜூன் மாதத்தில் பிரித்தானிய அரசு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வன்புணர்வு வழக்குகள் கையாளப்படும் முறை குறித்த மறுஆய்வு அறிக்கையை வெளியிட்டு, பாதிக்கப்பட்ட பெண்கள் கைவிடப்பட்டமைக்காக வருத்தம் தெரிவித்தது. மூன்றாம் நாவல் அதே ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்தது. அந்நாட்டு இளம்பெண்கள் அக்கதையை ஏன் அத்தனை ஆவலுடன் வரவேற்றனர் என்பதற்கு இது ஒரு விடை. மேலும் ஆசிரியர் பிப்பைக் குற்றவுணர்வின்றி விட்டுவிடவில்லை. அவள் தன்னைத் தானே நாடுகடத்திக்கொண்டவள்போல் நண்பர்களை விட்டு விலகி வாழ்கின்றாள். நன்மைக்கும் தீமைக்கும் இடைப்பட்ட மங்கலான நிலத்தை இளையோர்க்குக் காட்டுவதே நோக்கம் என்று கூறுவாரும் உளர். தூய கதைத்தலைவியே வேண்டும் என்று அடம்பிடிப்பவன் நானும் அல்லேன்.

ஆயின் மங்கலான நிலம் எதுவென்று ஒரு பழைய நாவல் நமக்குக் காட்டியிருக்கின்றது. தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' 1866இல் வெளிவந்தது. அதில் ரஸ்கோல்னிகவ் செய்த கொலையைத் தான் செய்ததாக ஒரு வண்ணம் பூசும் தொழிலாளி தானே முன்வந்து ஒப்புக்கொள்கின்றான். தப்பிக்கும் வழி எவ்வித முயற்சியுமின்றி ரஸ்கோல்னிகவின் மடியில் வந்து விழுகின்றது. அதனை அவனால் வைத்துக்கொள்ள முடியவில்லை. காவல் நிலையப் படியேறுகின்றான். பிப்போ அவ்வழியைத் தானே வெட்டி அமைக்கின்றாள். அதன் முடிவில் வாசகன் பெருமூச்சு விட்டு மகிழ வேண்டும் என ஆசிரியர் விரும்புகின்றார்.

கண்ணகியைக் கூறினேன். அவளும் மதுரையை எரித்தவளே. அதனை நியாயம் என்று வகுப்பில் நிறுவ இன்றளவும் தடுமாறுகின்றேன். ஆனால் அவள் தன் பெயரைச் சொல்லி, தன் ஊரைச் சொல்லி, வெளிப்படையாக எரித்தாள்.

புனைந்த சான்றின் வரலாறு

இங்கிலாந்தின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தோர்க்கு இம்முடிவு மேலும் உறுத்தும். 1974 நவம்பரில் பர்மிங்காம் நகரில் இரண்டு மதுவிடுதிகளில் குண்டு வெடித்து 21 பேர் மாண்டனர். ஆறு பேர் கைதாகி 1975இல் ஆயுள் தண்டனை பெற்றனர். அவர்களைக் குற்றவாளிகள் என உறுதியாக நம்பிய காவலர்கள் அந்நம்பிக்கைக்கேற்ப வாக்குமூலங்களைப் பெற்றனர். 1991 மார்ச்சில்தான் அவ்அறுவரும் விடுதலையாயினர். ஸ்டெபான் கிஸ்கோ என்னும் எளிய எழுத்தர் ஒரு சிறுமியைக் கொன்றதாக 1976இல் தண்டிக்கப்பட்டார். அவர் குற்றவாளியாக இருக்கவே இயலாது என்று காட்டக்கூடிய மருத்துவச் சான்று நீதிமன்றத்துக்கு வரவில்லை. 1992இல் விடுதலையாகி மறு ஆண்டே இறந்துபோனார். மெய்யான கொலைஞன் 2007இல்தான் தண்டனை பெற்றான். இத்தகைய வழக்குகளின் விளைவாகவே, தவறான தீர்ப்புகளை ஆராய்வதற்கென 1997இல் தனி ஆணையம் ஒன்று அந்நாட்டில் செயற்படத் தொடங்கியது.

ஹாலி ஜாக்சன் இவ்வரலாற்றை அறிந்திருக்கக்கூடும். பில்லி கராஸ் என்னும் பாத்திரம் கிஸ்கோ போன்றோரை நினைவூட்டுகின்றது. அப்படியாயின் ஒரே நூலில், பொய் வாக்குமூலத்தால் சிறைப்பட்ட ஒருவனுக்காக நம்மை இரங்கச் செய்து, பொய்த் தடயத்தால் மற்றொருவன் சிறைப்படும்போது நம்மை மகிழச் செய்கின்றார். முன்னவன் நல்லவன், பின்னவன் தீயவன் என்பது மட்டுமே வேறுபாடு. பர்மிங்காம் காவலர்களும் அந்த அறுவரைத் தீயவர் என்றுதானே நம்பினர்?

மாக்ஸ் மெய்யாகவே தீயவன் என்பதை வாசகர் நாம் அறிவோம் என மறுக்கலாம். உண்மை. அந்த அறிவை நமக்குத் தந்தவர் கதையாசிரியர். வாழ்க்கையில் அவ்வாறு நம் காதில் வந்து சொல்பவர் இல்லை.

வகுப்பறையில்

இளங்கலை இரண்டாமாண்டு வகுப்பில் ஒரு நாள் பாடம் முடிந்து எஞ்சிய நேரத்தில் இக்கதையைச் சுருக்கிக் கூறி, பிப் செய்தது சரியா என்று வினவினேன். பெரும்பாலோர் சரியென்றனர், கைதட்டியவரும் உண்டு. மாணவியர் பக்கத்தில் ஆரவாரம் மிகுதி. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. பேருந்தில் நாள்தோறும் அவர்கள் எதிர்கொள்வதை நான் அறியேனா?

மணி அடித்தபின் ஒரு மாணவன் தயங்கி நின்றான். வகுப்பில் வாய் திறவாதவன். "ஐயா, என் மாமாமீது போட்டது பொய் வழக்கு. ஒன்பது ஆண்டுகள் நடந்து விடுதலையானார். ஊரில் இன்றும், அவன் எப்படியும் வேறு ஏதாவது செய்திருப்பான் என்றுதான் சொல்கிறார்கள்" என்றான். நான் மறுமொழி கூறுமுன் வணக்கம் சொல்லிப் போய்விட்டான். முதல் நூலை அவனுக்குக் கொடுத்திருக்கின்றேன். ஆங்கிலம் சற்றுக் கடினமாக இருக்கின்றது என்றாலும் படித்துவருகின்றான். மூன்றாம் நூலைக் கேட்டால் என்ன சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

மகளின் வினா

என் மறுப்பையெல்லாம் பொறுமையுடன் கேட்ட மகள் ஒரே வினாவை எழுப்பினாள். "சரி அத்தா, அவள் வேறு என்னதான் செய்திருக்க வேண்டும்? போலீஸ் நம்பவில்லையே."

கடினமான வினா. கதைக்குள்ளேயே விடை தேட முயன்றேன். ஜேசன் தான் கொன்ற பெண்களிடமிருந்து எடுத்த பொருள்களைத் தன் வீட்டுப் பெண்களுக்கே கொடுத்து வைத்திருந்தான். அவற்றைத் தேடி எடுத்திருக்கலாம். முகத்திலும் கையிலும் ஒட்டுநாடாவின் தழும்புகளுடன் ஒருத்தி காவல் நிலையம் சென்றால் அந்த ஹாக்கின்ஸாலும் மறுக்க இயலாது. முதல் நூலின் பிப் இவ்வழியைத்தான் தேர்ந்திருப்பாள். கொன்றபின்னரும், தற்காப்பு என்று கூறி நீதிமன்றத்தின்முன் நின்றிருக்கலாம். தோற்றிருக்கவும் கூடும். இவ்வாறு கூறிவந்தபோது என் குரலில் உறுதி குறைந்ததை மகள் கவனித்தாள் என நினைக்கின்றேன்.

ஆகவே வேறு திசையில் அவளிடம் வினவினேன். மாக்ஸ் எதற்காகச் சிறை சென்றான்? "ஜேசனைக் கொன்றதற்காக." அதனை அவன் செய்தானா? "இல்லை." அவன் செய்தது எது? "நேட்டையும் பெக்காவையும் மற்றப் பெண்களையும் கெடுத்தது." அதற்கு நீதிமன்றம் என்ன சொல்லியது? "குற்றமற்றவன் என்றது." அத்தீர்ப்பை இப்புதிய தீர்ப்பு மாற்றிவிட்டதா? நேட் ட சில்வா நீதிமன்றத்தில் நின்று சொன்னது மெய்யென்று எந்த ஏட்டிலாவது எழுதப்பட்டதா?

சல்லின் பெயரை ஏட்டில் திருத்துவதற்காக முதல் நூல் முழுவதும் போராடியவள் பிப். நேட்டின் பெயருக்காக அப்போராட்டம் மூன்றாம் நூலில் நிகழவே இல்லை. மாக்ஸ் செய்யாததற்காகத் தண்டனை பெற்றதோடு, செய்ததற்கான வழக்கு பழைய தீர்ப்புடனேயே நின்றுவிட்டது. நேட் சொன்னதைப் பொய்யென்று கருதிய ஊரார் இனியும் அவ்வாறே கருதலாம். ஜேசனின் இரவில் நடந்ததைப் பிப் தன் ஒலித்தொடரில் என்றேனும் பேச இயலுமா? இயலாது. உண்மையைக் கூறுவதே தொழிலாக இருந்தவளின் வாயை அவளே கட்டிவிட்டாள்.

மகள் மூன்றாம் நூலின் இறுதிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே நெடுநேரம் அமர்ந்திருந்தாள். பிறகு நிமிர்ந்து, "நேட்டைப் பற்றி ஒன்றுமில்லை அத்தா" என்றாள்.